பூனை செத்த வீட்டுக்குத் துட்டி கேட்க யார் வருவார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பூனை செவலை இறந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. பாளையங்கோட்டையில் எங்கள் வளவு வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தான். செம்பட்டை நிறம், வாலில் மட்டும் வளையம் வளையமாகக் கோடு. மாட்டுக்கு வைக்கிற பெயரை எங்கள் ஆச்சிதான் அவனுக்கு வைத்தாள். அவன் போனதிலிருந்து, பூனை வளர்க்கிற சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் தங்கள் வீட்டில் ஒன்று இறந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அழுதுகொண்டே கேட்பதால் கேள்விகள் பாதியில் நின்றுவிடும். ஆனால் கேட்பது பெரும்பாலும் இவைதான்.

ஒரு பூனைக்காக இப்படி அழுவது சரியா? வீட்டில் எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

சரிதான். அழுங்கள்.

நம்ம ஊரில் எதற்கெடுத்தாலும் 'சவத்த விடு' என்போம். பஸ் போய்விட்டதா, சவத்த விடு. பால் பொங்கி வழிந்துவிட்டதா, சவத்த விடு. செவலை இறந்த அன்று சாயங்காலம் என் நாத்தனாரும் அதையேதான் சொன்னாள்: "சவத்த விடுங்க மைனி, பூனைதானே." ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அவள் மேல் அப்போதும் கோபமில்லை, இப்போதும் இல்லை. ஆனால் பத்தடி தள்ளி, தார்சாவில், ஓலைப்பெட்டிக்குள் பழைய வேட்டியில் சுற்றி அவனைக் கிடத்தியிருந்தோம். தினம் நூறு தடவை காதில் விழுகிற அந்த வார்த்தைக்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது.

மனிதர் இறந்தால் துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, ஊரே வரும். வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்பது "எப்படி ஆச்சு?" என்பதுதான். வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லுவோம். காலையில் காப்பி குடித்தார், நெஞ்சு கரிக்கிறது என்றார் என்று ஆரம்பித்து இருபது பேரிடம் இருபது தடவை. அப்படிச் சொல்லச் சொல்லத்தான் நடந்தது நடந்துவிட்டது என்று மனசு ஒத்துக்கொள்கிறது. பூனை செத்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை. ஒருவரிடம்கூட முழுசாகச் சொல்லாமல் மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. உங்கள் அழுகை நிற்காததற்கு மனசு பலவீனம் காரணமில்லை. சொல்ல ஆளில்லாததுதான் காரணம். ஒன்பது வருஷம் என்றால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட காலைகள். அத்தனை காலையும் கண் விழித்ததும் பார்த்த முகம் அது.

எனக்கும் ஒரே ஒருவர்தான் துட்டி கேட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கண் திறந்தபடியே இருக்கிறது. உண்மையில் இறந்துவிட்டதா?

பூனை இறந்தால் பெரும்பாலும் கண் தானாக மூடாது. மூடிவிட்டாலும் திரும்பத் திறந்துகொள்ளும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விலா ஏறி இறங்குகிறதா என்று ஒன்றிரண்டு நிமிஷம் பாருங்கள். இடது முன்னங்கால் முட்டி நெஞ்சைத் தொடுகிற இடத்தில் விரலை வைத்தால் துடிப்பு இருந்தால் தெரியும். மூச்சும் துடிப்பும் இல்லாமல், கருவிழியை மெல்லத் தொட்டும் இமை அசையவில்லை என்றால் உயிர் இல்லை. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சில மணி நேரத்தில் உடம்பு விறைக்கும். அதற்கு முன்பே தூங்குகிற மாதிரி சுருட்டிக் கிடத்திவிடுவது நல்லது. சிறுநீரோ மலமோ வெளியேறலாம், அடியில் துணி போடுங்கள். நம்ம வெயிலுக்கு அன்றே அடக்கம் செய்துவிட வேண்டும். வெளியூரிலிருந்து யாராவது வந்து பார்க்க வேண்டுமென்றால், துண்டில் சுற்றிய ஐஸ் கட்டிகளை வயிற்றுப் பக்கம் வைத்தால் சில மணி நேரம் தாங்கும்.

ஒரு எச்சரிக்கை. இறப்பதற்கு முன் காரணமில்லாமல் கடிக்க வந்தது, வாயில் எச்சில் ஒழுகியது, நடை தள்ளாடியது என்றால் வெறும் கையால் தொடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். யாரையாவது கடித்தோ பிராண்டியோ இருந்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே புதைப்பது? நாங்கள் இருப்பது மாடி வீடு.

சொந்த இடம் இருந்தால் மூன்றடி ஆழம் தோண்டுங்கள். அதற்குக் குறைந்தால் தெருநாய் கிளறிவிடும். அதைப் பார்க்க நேர்ந்த ஒருவரை எனக்குத் தெரியும், அந்த வேதனை யாருக்கும் வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம், மண் தன் வேலையைச் செய்யாது. மூடிய பிறகு மேலே நாலு கனமான கல் வையுங்கள். கிணறு, அடிபம்புப் பக்கம் வேண்டாம். பாளையங்கோட்டைச் செம்மண்ணில் மண்வெட்டி சுலபமாக இறங்கும். கோவில்பட்டிப் பக்கம் கரிசலாக இருந்தால், கோடையில் கடப்பாறை இல்லாமல் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளமான இடத்தில் குழிக்குள் தண்ணீர் நிற்கும், மேடாகப் பார்த்துத் தோண்டுங்கள்.

சிலர் கல்லுப்பு போடுவார்கள். மேலே செடி வைக்க நினைத்தால் உப்பு போடாதீர்கள், வேர் பிடிக்காது. செடி என்றதும் நம்ம ஊரில் அரளி ஞாபகத்துக்கு வரும். வீட்டில் வேறு பூனையோ நாயோ இருந்தால் அரளி கூடவே கூடாது, அதன் இலையும் பூவும் விஷம். செங்காந்தளும் அப்படித்தான். செம்பருத்தியும் மல்லிகையும் பூனைக்குக் கெடுதல் செய்யாது. செவலை மேல் ஒரு அடுக்குச் செம்பருத்தி நிற்கிறது.

மாடி வீட்டுக்காரர்கள், ஊரில் தோட்டமோ வயலோ இருக்கிற ஒரு ஆளைக் கேளுங்கள். கேட்கத் தயங்குகிறார்கள், ஆனால் கேட்டால் முடியாது என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை. முன்னீர்பள்ளத்தில் ஒரு தாத்தா தன் வாழைத் தோட்டத்து வரப்போரம் மூன்று வீட்டுப் பூனைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார். மாட்டைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே. தாமிரபரணியில் மட்டும் விடாதீர்கள். கரையிலும் புதைக்க வேண்டாம். அந்தத் தண்ணீரைத்தான் எல்லாரும் குடிக்கிறோம்.

சாம்பிராணி போடலாமா, விளக்கு வைக்கலாமா? தீட்டு உண்டா?

நான் இதை ஆச்சியிடமே கேட்டேன். "தீட்டு என்னட்டி தீட்டு, குளிச்சிட்டு விளக்கேத்து, அதுவும் ஒரு உசிருதானே" என்றாள். எனக்கு அதற்கு மேல் வேறு சாஸ்திரம் தேவைப்படவில்லை. அன்று அகல் ஒன்று ஏற்றினேன். பதினாறாம் நாள் அவனுக்குப் பிடித்த சாளை மீனை உப்பில்லாமல் அவித்து, வளவுக்கு வருகிற மற்றப் பூனைகளுக்கு வைத்தேன்.

மேலப்பாளையத்திலிருந்து என்னோடு வேலை பார்க்கிற தோழி ஒருத்தி, பூனை அசுத்தமான பிராணி இல்லை, அது நம்மைச் சுற்றி வளைய வருகிற ஜீவன் என்று நபி சொன்னதாகச் சொன்னாள். நபித் தோழர் ஒருவருக்கு அபூ ஹுரைரா, அதாவது பூனைக்குட்டியின் தகப்பன், என்றே பெயர் நிலைத்துவிட்டதாம். பாளையங்கோட்டையில் கிறிஸ்தவ வீடுகளுக்குக் குறைவில்லை. அவர்களில் சிலர் அக்டோபர் 4 அன்று, அசிசியின் புனித பிரான்சிஸ் திருநாளில், போன பிராணிகளுக்காகவும் சேர்த்து ஜெபிக்கிறார்கள். உங்கள் வீட்டு வழக்கத்தில் கை எதற்குப் போகிறதோ அதைச் செய்யுங்கள். செய்யாமல் விட்டாலும் குறை இல்லை.

'உனக்கு வரவேண்டிய கண்டத்தை அது வாங்கிக்கொண்டது' என்கிறார்களே?

எல்லாரும் சொல்வதுதான். கேட்கிறபோது சிலருக்கு நிம்மதியாக இருக்கும். சிலருக்கு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி ஆகிவிடும், 'என்னால்தான் செத்ததா' என்று. எனக்கு இரண்டாவதுதான் நடந்தது. செவலை எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அவனுக்கு ஒரு வியாதி வந்தது, அதில் போனான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான். வீட்டில் பூனை செத்தால் அபசகுனம் என்கிற பேச்சையும் இதோடு சேர்த்து ஒதுக்கிவிடுங்கள்.

நான் கவனித்திருந்தால் பிழைத்திருக்கும். அந்த எண்ணம் போகவே மாட்டேன் என்கிறது.

இதை எழுத எனக்கு நேரம் பிடித்தது.

செவலை ஒரு புதன்கிழமை காலையில் மண் தட்டில் போய் உட்கார்ந்தான். முக்கினான், எழுந்தான், ஐந்து நிமிஷத்தில் திரும்பப் போய் உட்கார்ந்தான். நான் மலச்சிக்கல் என்று நினைத்தேன். விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு நாக்கில் தடவினேன். மத்தியானம் அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருந்தான். ராத்திரி அங்கணத்து ஈரத்தில் போய்ப் படுத்துக்கொண்டான். அங்கே அவன் படுத்ததே இல்லை. தூக்கினபோது வயிற்றுக்குள் எலுமிச்சம்பழம் போல ஏதோ கெட்டியாகக் கையில் பட்டது. அது நிரம்பிய மூத்திரப்பை என்று எனக்குத் தெரியாது. வியாழன் சாயங்காலம் வைத்தியரிடம் கொண்டுபோனேன். வெள்ளி விடியற்காலையில் போய்விட்டான்.

ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் குறுகலானது. அதில் மணல் போன்ற படிகமும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் சிறுநீர் வெளியேறாது. ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் செயலிழக்கும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை, கத்துகிறது என்றால் அது அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவரிடம் போக வேண்டிய அவசரம். வீட்டில் ஆண் பூனை வைத்திருக்கிற எல்லாரிடமும் இதைச் சொல்கிறேன். இன்னொன்றும் சொல்கிறேன்: காய்ச்சல் என்று நினைத்துப் பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். நமக்குச் சாதாரண மாத்திரை, பூனைக்கு ஒரே ஒன்று உயிரை எடுத்துவிடும்.

நான் முந்தின நாளே போயிருந்தால் பிழைத்திருப்பானா? பிழைத்திருக்கலாம். அதை மறைத்து எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை, உங்களுக்கும் அப்படிச் சொல்லப்போவதில்லை. ஆனால் புதன்கிழமை காலையில் எனக்குத் தெரிந்தது வேறு, வெள்ளிக்கிழமை எனக்குத் தெரிந்தது வேறு. வெள்ளிக்கிழமை கிடைத்த அறிவை வைத்துக்கொண்டு புதன்கிழமை இருந்தவளைத் திட்டிக்கொண்டிருந்தேன், மாதக்கணக்கில். விளக்கெண்ணெயை விரலில் தொட்டு, வாயைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு இருந்தவள் அவள். அக்கறையில்லாதவள் அப்படிச் செய்யமாட்டாள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. உங்களுக்குச் சீக்கிரம் ஆகட்டும்.

பூனை தன் வலியை ஒளித்து வைக்கிற பிராணி என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். வயதான பூனைகளுக்குச் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெடுவது மிகச் சாதாரணம். பாதிக்கு மேல் கெட்ட பிறகுதான் வெளியில் தெரியும். நன்றாகக் கவனிக்கிற வீட்டிலும் இது தப்பிவிடுகிறது.

ஊசி போட்டு அனுப்பி வைத்தோம். கொலை செய்துவிட்டோமோ?

'கருணைக் கொலை' என்ற வார்த்தையில் இரண்டாவது சொல்தான் காதில் நிற்கிறது. அதற்கு வேறு நல்ல சொல் நம்மிடம் வராமல் போனது வருத்தம்தான்.

அங்கே நடப்பது இது. முதலில் அமைதிப்படுத்த ஒரு மருந்து கொடுப்பார்கள், பூனை அரைத்தூக்கத்துக்குப் போகும். பிறகு மயக்க மருந்தையே அளவு கூட்டி நரம்பில் ஏற்றுவார்கள். அறுவை சிகிச்சைக்கு மயங்குகிற மாதிரியே முதலில் நினைவு போகும். அதற்கப்புறம்தான் மூச்சும் இதயமும் நிற்கும். நின்ற பிறகு ஒரு பெருமூச்சு வரலாம், கால் ஒரு தடவை துடிக்கலாம். அது வலி இல்லை, அப்போது அதற்கு நினைவு கிடையாது. பக்கத்தில் நின்றவர்கள் அந்த ஒரு துடிப்பை நினைத்துத்தான் தூங்காமல் கிடக்கிறார்கள், அதனால் இதைத் தெளிவாகச் சொல்கிறேன்.

இன்னும் முடிவெடுக்காத நிலையில் இருப்பவர்கள் இரண்டாவது ஒரு மருத்துவரையும் கேட்பது நல்லது. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் காட்டலாம். தானாகச் சாப்பிடுகிறதா, தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்கிறதா, கூப்பிட்டால் காதைத் திருப்புகிறதா என்று ஒரு வாரம் தினமும் எழுதி வையுங்கள். மூன்றும் நின்றுபோன நாட்கள் அடுத்தடுத்து வந்தால், உங்களுக்கே தெரிந்துவிடும்.

காணாமல் போய்விட்டது. இறந்ததா, இருக்கிறதா என்றே தெரியவில்லை.

எல்லாவற்றிலும் இதுதான் கொடுமை என்று நான் நினைக்கிறேன். உடம்பு சரியில்லாத பூனை ஒளிந்துகொள்ளும். 'பூனை தன் சாவை வீட்டுக்குக் காட்டாது' என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான். முதலில் பக்கத்திலேயே தேடுங்கள். பல நேரம் அக்கம்பக்கத்தில்தான் இருக்கும். மச்சு, விறகு அடுக்கு, வைக்கோற்படப்பு, பூட்டிக் கிடக்கிற பக்கத்து வீட்டுக் கழிவறை, நிறுத்தி வைத்த காரின் அடிப்பகுதி எல்லாம் பாருங்கள். தெரு அடங்கிய பிறகு ராத்திரி டார்ச் அடித்தால் கண் மின்னும். தினம் சாப்பாடு வைக்கிற தட்டைத் தட்டிக்கொண்டு மெல்லக் கூப்பிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆற்றோரத் தெருக்களில் மொட்டை மாடியில் இரவைக் கழித்தவர்களில், பூனையை எடுக்க நேரமில்லாமல் ஏறியவர்கள் உண்டு. அவர்களில் ஒரு அக்கா இப்போதும் தினம் ராத்திரி புறவாசல் கதவை ஒரு சாண் திறந்து வைத்துத்தான் படுக்கிறார். நான் அவரிடம் மூடச் சொல்லவில்லை. அந்தப் பூனையின் போட்டோவுக்கு ஒரு நாள் விளக்கேற்றலாமா என்று மட்டும் கேட்டேன். போன ஆடி அமாவாசைக்கு ஏற்றினார். கதவும் திறந்துதான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இருக்கலாம்.

பிள்ளையிடம் என்ன சொல்வது?

'ஊருக்குப் போயிருக்கு' என்று சொல்லாதீர்கள். என் தம்பி மகனுக்கு அப்போது ஐந்து வயது. யாரோ அப்படிச் சொல்லிவிட்டார்கள். அவன் இரண்டு நாள் வாசல்படியில் உட்கார்ந்து, ஜங்ஷனிலிருந்து வருகிற ஆட்டோ ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தான். மூன்றாம் நாள் "என்கிட்ட சொல்லாம ஏன் போச்சு?" என்று கேட்டான். தூங்குகிறது என்று சொன்னாலும் சிக்கல்தான், பிள்ளை தூங்கப் பயப்படும்.

அந்த வயதில் சாவு திரும்பி வருகிற ஒன்று என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஏழு வயதுவாக்கில்தான் திரும்பி வராது என்பது பிடிபடுகிறது. அதனால் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். நான் அவனைச் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்ச் சொன்னேன்: "செவலை செத்துட்டான். உடம்பு வேலை செய்யலை. இனிமே பசிக்காது, வலிக்காது. திரும்பி வரமாட்டான்." அவன் அழவில்லை. உள்ளே ஓடிப்போய் அடுக்களையிலிருந்து நெத்திலிக் கருவாடு ஒன்றை எடுத்து வந்து மண்ணில் குத்தி வைத்தான், பசிக்காது என்று நான் சொன்ன பிறகும். நான் தடுக்கவில்லை.

வீட்டில் இருக்கிற இன்னொரு பூனை தேடிக்கொண்டே கத்துகிறது.

முடிந்தால் புதைக்கும் முன் உடம்பை அதற்குக் காட்டுங்கள். முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனாலும் சரி, பக்கத்தில் படுத்தாலும் சரி. சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பூனை இரண்டு நாளுக்கு மேல் எதுவும் தின்னாமல் கிடந்தால், அதிலும் குண்டான பூனை என்றால், கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே கெட்டுவிடும். துக்கம்தானே, சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் கூட்டிப்போங்கள்.

அது நடக்கிற சத்தம் கேட்கிறது. எனக்கு என்ன ஆச்சு?

ஒன்றும் ஆகவில்லை. மூவாயிரம் தடவை கேட்ட சத்தத்தைக் காது எதிர்பார்க்கிறது. எனக்கு விடியற்காலையில் கட்டில் கால்மாட்டில் யாரோ குதிக்கிற மாதிரி இருக்கும். பட்டாசல் மரத்தூணில் அவன் நகம் கீறிய தடம் ஒரு முழ உயரத்துக்கு இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவர் அதையும் தேய்த்துப் பாலிஷ் போட்டுத் தரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். கறுப்புச் சேலை ஒன்றில் இன்னமும் செம்பட்டை முடி வருகிறது. தட்டையும் துணியையும் உடனே எடுத்துவிட வேண்டும் என்று கணக்கில்லை, வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் இல்லை.

ஆனால் வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, நானும் போய்விடலாம் என்று தோன்றுகிறது என்றால் அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இலவசமாக, தமிழிலேயே கிடைக்கும். 'பூனைக்காகவா' என்று கேட்பார்களோ என்று தயங்க வேண்டாம். துக்கம் என்று மட்டும் சொன்னால் போதும்.

வேறு குட்டி எப்போது எடுக்கலாம்?

மனசைப் பொறுத்தவரை உங்களுக்குத்தான் தெரியும். மூன்றாம் நாளே எடுத்தவர்களும் நன்றாக வளர்க்கிறார்கள். அதே நிறம், அதே பெயர் மட்டும் வேண்டாம் என்பேன். வருகிற குட்டி பாவம், இன்னொன்றாக இருக்க அதனால் முடியாது.

வியாதியைப் பொறுத்தவரை ஒரு கண்டிப்பு உண்டு. இறந்தது வாந்தி, வயிற்றுப்போக்கோடு இரண்டு மூன்று நாளில் போன பூனை என்றால் அது பார்வோ வகை வைரஸாக இருக்கலாம். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கும். டெட்டால், பினாயிலுக்கு நம்பிக்கையாகச் சாகாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பதிரண்டு பங்கு தண்ணீர் சேர்த்துக் கழுவ வேண்டும், பத்து நிமிஷம் ஊற விட வேண்டும். பழைய தட்டு, படுக்கையை எறிந்துவிடுங்கள். தடுப்பூசி முழுசாகப் போட்ட பூனையைத்தான் வீட்டுக்குள் விடலாம்.

மற்ற ஊர்களிலும் மனிதர்கள் இப்படித்தானா?

சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதக் குழிக்கு அருகில், ஒரு முழம்கூடத் தள்ளாமல், எட்டு மாதப் பூனை ஒன்றைத் தனிக் குழியில் அடக்கம் செய்திருக்கிறார்கள். 2004-இல் வெளியான செய்தி அது. பழைய எகிப்தில் வீட்டுப் பூனை செத்தால் வீட்டிலுள்ளவர்கள் எல்லாரும் புருவத்தை மழித்துக்கொள்வார்களாம், கிரேக்கர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது. தெருவில் போகிறவன்கூட முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொள்வான், ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நம் ஆதிச்சநல்லூரில் தாழிக்குள் ஆளோடு கலயமும் தானியமும் இரும்பும் வைத்து அனுப்பினார்கள். செவலையின் தட்டை அவனோடு வைத்தபோது, மண்ணுக்குள் அதெல்லாம் எதற்கு என்று யாரோ கேட்டார்கள். நான் ஆதிச்சநல்லூரை நினைத்துக்கொண்டேன்.

தெரிந்தவர் வீட்டில் பூனை இறந்துவிட்டது. போய் என்ன சொல்வது?

போங்கள், அதுவே பாதி. "வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெயரைச் சொல்லிக் கேளுங்கள், எப்படி ஆச்சு என்று கேளுங்கள், அவர்கள் முதலிலிருந்து சொல்லட்டும். உங்களுக்கு அந்தப் பூனையைப் பற்றி ஏதாவது தெரிந்திருந்தால் அதைச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவுக்குத் தூத்துக்குடிச் சரக்கோடு டிவிஎஸ் வண்டியில் ஒரு மீன்காரர் வருவார். ஹாரன் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே செவலை நடையில் போய் நிற்பான். ஒரு சாளைத் தலை அவனுக்கு, அது கணக்கில் வராது. அவன் இறந்த இரண்டாம் நாள் ஹாரன் கேட்டது, நான் வெளியே போகவில்லை. வண்டி எங்கள் வாசலில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, செவலை எங்க?" என்ற குரல் வந்தது.

சொன்னேன். அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, கையைத் துண்டில் துடைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஐஸ் உருகித் தெருவில் சொட்டிக்கொண்டிருந்தது. "எப்படிக்கா ஆச்சு?" என்றார். புதன்கிழமையிலிருந்து வெள்ளி வரை முழுசாகச் சொன்னேன். குறுக்கே பேசவே இல்லை. எழுந்து போகும்போது சொன்னார்: "நீங்க உள்ள போனப்புறம் அவன் என் பின்னாலயே வருவான்க்கா. மூணாவது வீடு, அந்த வேப்பமரம் வரைக்கும். அங்க வந்து நின்னுட்டு, நான் திரும்புற வரைக்கும் பார்த்துட்டுப் போவான். தினமும்."

ஒன்பது வருஷம் அவனோடு இருந்த எனக்கு அது தெரியாது. வேப்பமரம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.